ஓரெஸ்ட் வளர்த்த புழுக்கள்

ஓரெஸ்ட் கனடாவில் எங்கள் வினிபெக் நகர அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். மனைவி ஸ்டெஃபா புற்றுநோயில் போன பிறகு அந்த வீட்டில் அவரைத் தவிர உயிரோடு இருந்தவை, சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருந்த சிவப்புப் புழுக்கள்தான். காய்கறித் தோலையும் கிழித்துப் போட்ட செய்தித்தாளையும் தின்று உரமாக்கும். ஸ்டெஃபா தன் கையால் விட்ட புழுக்களின் வம்சம் அது. அது அற்றுப்போகக் கூடாது என்பது ஒன்றுதான் மனுஷருக்குக் கவலை.

ஜனவரியில் இதய ஆபரேஷனுக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒரு பிடி தோல் போதும், வெர்னா. மறந்துட்டாலும் பரவாயில்ல, பேப்பரையே தின்னுக்கும்."

"உங்க புழுவப் பட்டினி போட நான் என்ன கொலைகாரியா?"

"நீ பட்டினி போட மாட்ட, அதான் பயமா இருக்கு" என்றார்.

ஒரு வாரம் என்றது மூன்று வாரமாக இழுத்தது. எனக்கோ கை சும்மா இருக்காது. அவர்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இதுகளாவது வயிறாரத் தின்னட்டும் என்று தினமும் போட்டேன். உருளைக்கிழங்கு, காய்ந்த ரொட்டி, மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சி. ஒருநாள் திறந்தால் மூடியின் உட்புறமெல்லாம் புழு ஏறியிருந்தது. பசியில் ஏறுகின்றன என்று நினைத்து இன்னும் இரண்டு கிண்ணம் கஞ்சி ஊற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் திரும்பிய அன்று கதவைத் திறந்ததுமே நாற்றம். பெட்டிக்குள் கையை விட்டார்.

"கொதிக்குது" என்றார்.

நான் போட்டதெல்லாம் புளித்துச் சூடேறியிருந்தது. தப்பிக்கத்தான் மூடிவரை ஏறியிருக்கின்றன. தரையில் காகிதம் விரித்துப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் தேடினோம். ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"திட்டுங்க ஓரெஸ்ட், வாயத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டுங்க" என்று அழுதேன்.

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னை என்னத்தத் திட்டறது? கடைசி வாரம் ஸ்டெஃபாவுக்கு இனிமே சாப்பாடு வேண்டாம், உடம்பு ஏத்துக்காதுன்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. பீட்ரூட் சூப் வச்சு மூணு வேளையும் ஊட்டுனேன். அவ வாய இறுக்கி மூடிக்கிட்டா. நான் கரண்டிய விட்டுத் திறந்தேன், வெர்னா."

இத்தனை வருஷத்தில் அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் நாறியது.