தாய்மாமன் போட்டோவைத் தூக்கின மேனேஜர்

இன்னைக்குக் காலையில என் மக காதுகுத்துல ஒரு வெட்டுக்குத்து நடந்திருக்க வேண்டியது. ஜஸ்ட் மிஸ்!

காரணம் ஒரு பென்டிரைவ்.

சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க.

எங்க மதுரைப் பக்கம் காதுகுத்துன்னா ஃப்ளெக்ஸ்தான் முக்கியம். ஃப்ளெக்ஸ்ல தாய்மாமன் போட்டோ அதைவிட முக்கியம். (பிள்ளை போட்டோ ஓரமா ஸ்டாம்ப் சைஸ்ல இருந்தாக்கூட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.)

சிக்கல் என்னன்னா, பிள்ளைக்குத் தாய்மாமன் எங்கண்ணன். மாட்டுத்தாவணியில மொத்தப் பூ யாவாரம். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு வருஷமாப் பேச்சே கிடையாது. ஒரு கிடாவெட்டுல நல்லி எலும்பு யார் இலையில விழுந்துச்சுங்கற சர்வதேசப் பிரச்சினை.

அதனால என் வீட்டுக்காரர் முதல்ல பண்ணின டிசைன்ல எங்கண்ணன் இல்ல. அந்த இடத்துல ஒரு ரோஜாக் கொத்து! கேட்டா, "பேலன்ஸுக்கு வச்சேன்"ங்கறார்.

நான் ஒரு நாள் அடுப்பே பத்த வைக்கல. மனுசன் வழிக்கு வந்துட்டார். ரோஜாவைத் தூக்கிட்டு, கூலிங் கிளாஸோட அண்ணனை வச்சார்.

அந்தப் பக்கம் அண்ணனுக்குப் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, உன் போட்டோதாண்ணே இருக்கறதுலயே பெருசுன்னு சொல்லி வரச் சம்மதிக்க வச்சேன். அவர் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். வந்தவர் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டார்னா எனக்குப் பிறந்த வீட்டு உறவே அத்துப் போகும். அம்புட்டுதான்.

நேத்து சாயங்காலம் புது டிசைனை பென்டிரைவ்ல காப்பி பண்ணினேன். பழைய ரோஜாக் கொத்து டிசைனும் அதுலயே கிடந்துச்சு. அழிக்கணும்னு தோணல.

எங்க லேப்டாப் என் வீட்டுக்காரர் மாதிரி. வயசாயிருச்சு, ஆனா ஒத்துக்காது. விண்டோஸ் தாங்கலைன்னு ஏதோ ஓசி ஓ.எஸ். போட்டு வச்சிருக்கார்.

நூறு பர்சன்ட் காட்டிருச்சு. நானும் படிச்ச பிள்ளையாச்சே, நூறு காட்டினாலும் உள்ள மிச்சம் ஏறிக்கிட்டு இருக்கும், சும்மா புடுங்கக் கூடாதுன்னு, பென்டிரைவைப் பத்திரமா வழியனுப்பற 'சேஃப்லி ரிமூவ்' குடுத்தேன்.

டபக்!

ஃபைல் மேனேஜர் க்ராஷ். (தெரியாதவங்களுக்கு: ஃபோல்டரைத் திறந்து உள்ள இருக்கற ஃபைலைக் காட்டுற சாஃப்ட்வேர்.) விண்டோ போச்சு, ஐக்கான் எல்லாம் போச்சு. வால்பேப்பர்ல என் மக மட்டும் சிரிச்சுக்கிட்டு இருந்தா.

திரும்பத் திறந்து, திரும்பக் குடுத்தேன். திரும்பவும் டபக்.

வெடுக்குன்னு புடுங்கினா ஒண்ணும் ஆகாதாம், சேஃபா எடுக்கறேன்னு சொன்னாத்தான் உயிரை விடுமாம்! என்ன ஜென்மமோ.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வேற போன் மேல போன். பென்டிரைவை வெடுக்குன்னு புடுங்கிட்டேன். காளவாசல்ல அவர் கடைக்கு வண்டியை விட்டு, குடுத்துட்டு வந்துட்டேன்.

காலையில திருமங்கலம் தாண்டி எங்க குலசாமி கோயிலுக்குப் போறோம். வாசல்ல ஃப்ளெக்ஸைக் கட்டியிருக்காங்க. அண்ணாந்து பாக்கறேன்.

ரோஜாக் கொத்து!

கடைக்காரருக்குப் போன் போட்டா, புது ஃபைல் பாதிதான் ஏறியிருக்காம், திறக்கவே இல்லையாம். பக்கத்துல இன்னொண்ணு நல்லாத் திறந்துச்சாம், அதையே அடிச்சுட்டாராம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லன்னு சொன்னேன். எல்லாக் காதுகுத்து ஃப்ளெக்ஸும் ஒரே மாதிரிதானக்கா இருக்குங்கறார்!

சரி, கழட்டிருவோம்னு திரும்புறேன், அண்ணன் வேன் வந்து நிக்குது. மாலை, சீர்த்தட்டு, ஒரு வேன் நிறையச் சொந்தக்காரங்க.

அண்ணன் ஃப்ளெக்ஸை மேல இருந்து கீழ பாத்தார். அப்புறம் கீழ இருந்து மேல பாத்தார். அதுல என் கொழுந்தனார் இருக்கார், அவரோட ஃப்ரெண்டு இருக்கார், அவங்க வீட்டு டிராக்டர் கூட இருக்கு.

"பூ யாவாரின்னு பூவையே வச்சுட்டீகளோ?"

வந்த கூட்டம் மொத்தமும் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பாத்துச்சு.

அண்ணன் என்னைப் பாக்கல. என் வீட்டுக்காரரைத்தான் பாத்தார். வேணும்னே பண்ணினதுன்னு முடிவே பண்ணிட்டார். இறக்கின சீர்த்தட்டு ஒண்ணொண்ணா வேனுக்குள்ள திரும்பிப் போகுது. எனக்கு அழுகை முட்டிருச்சு.

"அண்ணே, அவர் உன் போட்டோவை வச்சார்ணே! எல்லாம் அந்த ஃபைல் மேனேஜர் பண்ணின வேலைண்ணே!"

அண்ணன் காதுல 'மேனேஜர்' மட்டும்தான் விழுந்துச்சு.

"எந்த மேனேஜரு? ஃப்ளெக்ஸ் கடையிலயா? என் போட்டோவைத் தூக்க அவன் யாருத்தா?"

நான் விளக்கலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள என் வீட்டுக்காரர் முன்னால வந்தார். ஒரு வருஷம் கழிச்சு எங்கண்ணன் மூஞ்சியைப் பாத்துப் பேசினார்.

"அவன் ஆளே சரியில்ல மச்சான். ரொம்ப நாளாவே இப்படித்தான். யாரையும் ஒழுங்கா வழியனுப்பத் தெரியாது."

அடப்பாவி மனுசா!

அண்ணன் குரல் இறங்கிருச்சு. "உங்களுக்கும் குடைச்சல் குடுத்திருக்கானா மாப்ள?"

அவ்வளவுதான். ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டு இல்லாத ஒரு மனுசனைத் திட்டித் தீர்க்கறாங்க! வேனுக்குள்ள போன தட்டு எல்லாம் இறங்கிருச்சு. அண்ணன் மடியில வச்சு மகளுக்குக் காது குத்தியாச்சு. அவ அழுததைவிட நான்தான் அதிகமா அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

பந்தியிலயும் அண்ணன் விடல. காளவாசலுக்குப் போயி அந்த மேனேஜரை நாலு கேள்வி கேக்கணுமாம்.

என் வீட்டுக்காரர் சோத்தை முழுங்கிட்டு நிதானமாச் சொல்றார், "நீங்க எதுக்கு மச்சான் அலையறீங்க? வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அவனைத் தூக்கிர்றேன்."

அண்ணன் கொஞ்சம் பக்கத்துல நகர்ந்து உக்காந்தார். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோட கேட்டார்.

"அப்ப அந்த இடம் காலிதானே மாப்ள? நம்ம பெரியவன் டிகிரி முடிச்சுட்டு வீட்லதான் இருக்கான்..."

இப்பதான் வாட்ஸ்அப்ல அண்ணன் மகனோட பயோடேட்டா வந்துச்சு.

நட்புகளே, இவனை எப்படி இன்ஸ்டால் பண்றது?