ஒரு மழை போகட்டும்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட அனுப்பினால் பெற்றவளுக்கும் நிம்மதி இராது, பிறக்கப்போகிறதற்கும் நிம்மதி இராது என்று முடிவுகட்டி, என்னை மட்டும் பாபநாசத்தில் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயில், அப்புறம் மாட்டுவண்டி. அந்தப் பக்கம் ரயில் வந்த புதிது. வழிநெடுக அப்பா தம் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்து, இத்தனை நிமிஷம் தாமதம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார், ரயிலை ஓட்டுகிறவள் நான்தான் என்பதுபோல.

அப்பா திருநெல்வேலியில் ஓர் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. அவருக்குக் கீழே ஆறு பேர். எவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை முறை வெற்றிலை துப்ப எழுந்து போனார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலையில் செய்த பிழைக்கு மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். அவரை அநியாயக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் எந்தக் குமாஸ்தாவின் முகமும் எனக்குப் பழகியதில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். என் தலையில் விழவேண்டிய குட்டு எதுவும் மறுநாளைக்கு மிஞ்சாது.

பெரியப்பா காட்டிலாகாவில் ரேஞ்சர். ஆற்றை ஒட்டி, மலை வந்து முடிகிற இடத்தில் வீடு. அருவிச் சத்தம் பகலும் இரவும் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் போனால் அது சத்தம் என்பதே மறந்துவிடும். காலையில் மலையைக் காணாது, வெள்ளையாக ஏதோ நிற்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மலை இருக்கும். அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. பசித்தால் சாப்பிட்டார்கள், இருட்டினால் படுத்தார்கள். நான் போய் ஒரு வாரத்துக்குள் எனக்குக் கிழமையே தெரியாமல் போயிற்று. அப்படி ஒரு சுகத்தை அதற்கப்புறம் நான் எங்கேயும் அனுபவித்ததில்லை.

பெரியப்பாவுக்குக் கீழே பன்னிரண்டு காவல்காரர்கள். அவர் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். அதில் ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவன் தவறு செய்தால் அதைப் பென்சிலில் எழுதுவார். ஒரு மழைக்காலம் போனபிறகு மறுபடி எடுத்துப் படிப்பார். எழுதியது அப்போதும் சரி என்று பட்டால் அதன்மேலேயே மையால் எழுதுவார். இல்லாவிட்டால் ரப்பரால் அழித்துவிடுவார். நான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மை எழுத்து வெகு சொற்பம். தாள்களெல்லாம் அழித்து அழித்து நைந்து கிடந்தன. யாராவது ஒருவனைப் பற்றிப் புகார் கொண்டுவந்தால், “சரி, ஒரு மழை போவட்டும்” என்பார். வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

அந்த வருஷம் ஆற்றங்கரையில் தேக்கு நாற்றங்கால் போட்டிருந்தார்கள். தேக்கங்கொட்டையை ராத்திரி ஊறவைத்துப் பகலில் காயவைத்து, இப்படியே பல நாள் செய்து, அப்புறம் பாத்தியில் ஊன்ற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஓர் ஆள் வந்திருந்தான். பெயர் சுடலையாண்டி. சாத்தான்குளத்துப் பக்கம் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து ஒரு கால் விந்தி நடந்தான். இனிப் பனையேற முடியாது என்று ஆனபிறகு, ஆறு பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தவன். இந்த வேலையும் போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை என்று பெரியம்மா என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

முளை விட்ட அன்று பெரியப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆளுக்கு இரண்டு இலையோடு நாற்றுகள் வரிசையாக நின்றன.

“இதை எப்போ வெட்டுவீங்க பெரியப்பா?”

“அறுவது வருசம் ஆவும்.”

“அப்போ நீங்க வருவீங்களா?”

“நான் எங்கனெ இருக்கப்போறேன்? இதை வெட்டுதவன் இன்னும் பொறக்கவே இல்லட்டி.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் பிறக்காத ஒருவனுக்காக இங்கே ஒருவன் விந்தி விந்திக் குடம் சுமப்பதா? இந்த நாற்றுகளைத் தட்டிக்கேட்க ஆளில்லாததால்தான் இவை இப்படிச் சோம்பிக் கிடக்கின்றன என்று தோன்றியது. நான் அப்பா பெண்ணல்லவா.

மறுநாள் மத்தியானம் சுடலையாண்டி குடத்தோடு ஆற்றில் இறங்கியதும், ஓரத்துப் பாத்தியில் ஒரு நாற்றைப் பைய உருவி எடுத்தேன். வேர் என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. நேற்றிலிருந்து என்ன வேலை பார்த்தாய் என்று அதட்டிவிட்டு, திரும்ப ஊன்றி மண்ணை அழுத்தினேன். ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு மற்றதை விடுவது நியாயமாகாது. ஆகவே வரிசையாக எல்லாவற்றையும் விசாரித்தேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். நன்றாக இறங்கிய வேரைப் புகழ்ந்தேன், சோம்பேறிகளை இலையைப் பிடித்துத் திருகினேன். வெயிலும் நீர்ச்சத்தமுமாக அந்த மத்தியானங்கள் கண் சொக்கவைக்கும். என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே ஆபீஸ் அது. வெகு சிறப்பாக நடத்துவதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் சாப்பிடும்போது பெரியம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். எனக்கே காரணம் தெரியாது. கொல்லையில் மருதாணிச் செடி இருந்தது ஞாபகம் வந்தது. மருதாணி என்றேன். பெரியப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னார்.

பத்து நாளில் அந்தப் பாத்தி முழுவதும் தலை தொங்கிவிட்டது. மற்றப் பாத்திகள் பச்சைப்பசேலென்று நிற்க, என் ஆபீஸ் மட்டும் காய்ந்து கிடந்தது. அதற்கு மறுநாள் நாற்றங்காலைப் பார்க்கப் பெரியப்பாவுக்கு மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று சொல்லி வீடே பரபரத்தது. நான் படித்துறையில் போய் ஒளிந்து உட்கார்ந்தேன். சுடலையாண்டி அங்கே வந்தான். என் பக்கத்தில் குந்தி, ஆற்றுமணலை அள்ளி என் விரல்களில் வைத்துத் தேய்த்தான். வெகுநேரம் தேய்த்தான்.

“இது மண்ணுக்குப் போவாது தாயி. நாலு நாள் ஆவும். தொரை போற மட்டும் கையை மடக்கி வச்சுக்கிடுங்க” என்றான்.

துரைக்கு அழுக்குக் கை பிடிக்காது போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

துரை குதிரையில் வந்தார். அன்று காலைதான் அப்பாவும் வந்திருந்தார், எனக்குத் தம்பி பிறந்த செய்தியோடு என்னை அழைத்துப் போக. எல்லோரும் ஓரத்துப் பாத்தி முன்னால் நின்றார்கள். இது யார் பொறுப்பு என்று துரை கேட்டார். சுடலையாண்டி கைகட்டி முன்னால் வந்தான்.

“எந் தப்புதான் எசமான். தண்ணி விட்டதுல கவனம் தவறிப்போச்சு.”

இவனை இன்றைக்கே அனுப்பு என்று துரை சொன்னது கையசைப்பிலேயே எனக்கு விளங்கியது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அப்பாவின் கை சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தின் மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. பெரியப்பா இங்கிலீஷில் ஏதோ பதில் சொன்னார். அவர் சொன்னதை அப்பா பிற்பாடு வீட்டில் நூறு தடவை எரிச்சலோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன்: என் எல்லைக்குள் நடக்கும் தவறு என் தவறு, இந்த ஆளை ஒரு மழைக்காலம் என்னிடம் விட்டுவையுங்கள். துரை தம் புத்தகத்தை எடுத்தார். அவரிடம் பென்சில் இல்லை. மையால் எழுதிக்கொண்டு குதிரையேறினார்.

“ஒரு கூலிக்காரனுக்காக வரவேண்டிய பெரிய உத்தியோகத்தைத் தொலைச்சிட்டியே அண்ணாச்சி” என்று அப்பா கத்தினார்.

“போவட்டும்லே. அவன் வந்து இன்னும் ஒரு மழை பாக்கலை” என்றார் பெரியப்பா.

அப்புறம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுடலையாண்டியின் பக்கத்தைத் தாண்டிப் புரட்டிக்கொண்டே போய், கடைசித் தாளில் பென்சிலை வைத்தார். ஆற்றங்கரைப் பாத்தி, தேக்கு நாற்று, முழுதும் பட்டுப்போனது என்று எழுதினார். அடுத்த வரியில் ‘காரணம்’ என்று எழுதி நிறுத்தினார்.

“காரணம்னு போட்டுட்டேன். மேக்கொண்டு என்னட்டி எழுத?”

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். பெரியப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டை மூடினார். தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

வண்டி பூட்டியாயிற்று. நான் ஏறி உட்கார்ந்ததும் பெரியப்பா சக்கரத்தருகே வந்து நின்றார்.

“ஏதும் சொல்லணுமாட்டி?”

சில்லுக்கருப்பட்டி வேண்டும் என்றேன். சுடலையாண்டி தன் ஊரிலிருந்து வந்திருந்ததில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு, விந்தி விந்தி ஓடிவந்து கொடுத்தான். அம்பாசமுத்திரம் வருவதற்குள் அவ்வளவையும் தின்றுவிட்டேன்.

அந்த மழை போனது. ஓரத்துப் பாத்தியில் சுடலையாண்டியே மறுபடி ஊன்றி வளர்த்தான். சில வருஷத்தில் அவன்தான் நாற்றங்காலுக்கெல்லாம் தலைமை. புதிதாக வருகிற ஆட்கள் அவசரப்பட்டால், ஒரு மழை போகட்டும் என்று அவனும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியப்பா மட்டும் கடைசிவரை ரேஞ்சராகவே இருந்தார். நான் வருஷா வருஷம் போனேன். ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்பும்போது அவர் வந்து நின்று அதையே கேட்பார். என்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போய், ஒருதரம் மாங்காய் கேட்டேன், ஒருதரம் மலைத்தேன் கேட்டேன்.

கடைசியாகப் போனது கல்யாணம் ஆன புதிதில், விருந்துக்கு. பெரியப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, முகத்தருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்து, “இது மருதாணிதான்” என்றார். ஆமாம் பெரியப்பா, வேறென்ன என்று சிரித்தேன். வண்டி பூட்டியதும் வழக்கம்போல வந்து நின்றார். ஏதும் சொல்லணுமா என்றார். அறுபது வருஷம் ஆனதும் அந்தத் தேக்கில் எனக்கு ஒரு கட்டில் செய்து கொடுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு மழை போகட்டும் என்றார். அந்தக் கார்த்திகையில் போய்விட்டார்.

வெகுகாலத்துக்குப் பிறகு என் மகன் எங்கேயோ விளையாடிவிட்டு இரு கையும் சிவக்கச் சிவக்க வந்து நின்றான். பதறிப்போய் ரத்தமா என்று கேட்டேன். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் இப்படித்தான் ஆகும், இதுகூடத் தெரியாதா என்று சிரித்தான். காட்டோரத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியுமாம். அவன் கையைத் தேய்த்துக் கழுவ உட்கார்ந்தவள் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நோட்டின் அந்தக் கடைசித் தாள் யாருடைய பக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது மழை அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வண்டிச்சக்கரத்தருகே வந்து நின்றிருக்கிறார், நான் தின்பண்டமும் கட்டிலும் கேட்டிருக்கிறேன்.