அட்ஜஸ்ட் பண்ணிப் போ

இருந்தவர்கள்: மருமகன். அவர் அம்மா. அவர் தாய்மாமா. என் மகள். நான்.

இடம் பசுவந்தனை, சம்பந்தி வீடு. போன ஞாயிறு. மருமகன் கை நீட்டியதால் மகள் எங்களிடம் வந்துவிட்டாள். திரும்ப அனுப்பச் சொல்லித்தான் பேச்சு. இது முதல் தடவையும் இல்லை.

காப்பி வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இப்படிப் பேசப் போன இடத்தில் காப்பியைக் குடித்துவிட்டால் சமாதானம் ஆயிற்று என்று அர்த்தம். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.

"பொம்பளப் பிள்ள கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்லா, அண்ணாச்சி" என்றார் தாய்மாமா.

"ஒத்தப் பிள்ளன்னு செல்லம் குடுத்து வளத்தா இப்படித்தான்" என்றார் சம்பந்தியம்மா.

"நானும் அட்ஜஸ்ட் பண்ணுதேன் மாமா" என்றார் மருமகன். கண் போனில் இருந்தது.

அட்ஜஸ்ட்... கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தச் சொல் இல்லாமல் நமக்கு ஒரு நாள் ஓடுமா? பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு வரும் நாலாவது ஆள் சொல்கிறார். ஜாக்கெட்டின் உள்தையலைப் பிரித்துவிட்டு டெய்லர் சொல்கிறார். சில்லறைக்குப் பதில் கடலைமிட்டாய் நீட்டும் கடைக்காரர் சொல்கிறார்.

எனக்குப் படிப்பு கம்மி. தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் இதன் பூர்வீகம் கேட்டேன். லத்தீனாம். 'பக்கத்தில் கொண்டுவந்து வை' என்பதாம்.

நல்ல அர்த்தம்தான். யார் பக்கத்தில் யார் போவது?

நான் கோவில்பட்டியில் மில் ஃபிட்டர். மெஷினில் பெல்ட் தொய்ந்தால் அட்ஜஸ்ட் செய்வோம். மோட்டாருக்கு அடியில் நீளத் துளை இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி, இறுக்குவோம். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் போல்ட் துளையின் கடைசிக்கு வந்துவிடும். அதற்கு மேல் தள்ள முடியாது. பெல்ட்டைத்தான் கழற்ற வேண்டும்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்றார் தாய்மாமா.

மகள் என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல எங்கனப்பா தள்ளிப் போக?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் எழுந்தேன்.

"எந்திரி தாயி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"என்ன அண்ணாச்சி, பாதிப் பேச்சுல..." என்றார் தாய்மாமா.

மீதிப் பேச்சைக் காப்பி சொல்லும்.

தொடாத டம்ளர்: இரண்டு.