மேல்தளத்துத் தகடு

கர்ப்பப்பை வாயில் தையல் போட்ட டாக்டரம்மா, பாத்ரூமுக்குத் தவிர வேறெதற்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் நான் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. விளாங்குடி வீட்டில் எங்கள் அறை மாடியில் இருந்தது. என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டார்கள்.

அறையை ஒட்டியே மொட்டைமாடி. இடையில் ஒரு படிகூடக் கிடையாது. ஆனால் அந்தக் கதவை என் மாமியார் பூட்டிவிட்டார். நாலு வீட்டுக் கண் படும் என்றார். ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் திண்டுக்கல் ரோட்டுப் புழுதி படிந்த ஒரு வேப்பமரத்தின் உச்சியும்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி, நாள் முழுக்க நின்றபடியே பேசிப் பழகியவள் நான். இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

என் கணவர் அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்குப் பொழுது போகட்டும் என்று தன்னுடைய டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அவர் விளையாடும் ஒரு கடற்போர் கேம் இருந்தது. பழைய உலகப்போர்க் கப்பல்களை ஓட்டி ஒருவரையொருவர் சுட்டு மூழ்கடிக்க வேண்டும். நான் அவருடைய பெரிய அமெரிக்கப் போர்க்கப்பலை எடுத்தேன். எடுத்த ஆட்டமெல்லாம் தோற்றேன்.

தோற்பது உறுத்தவில்லை. தோற்ற விதம்தான் உறுத்தியது. கிட்டத்தில் நின்று சுட்டவனை என் கப்பல் தாங்கியது. வெகுதொலைவிலிருந்து வந்த குண்டுக்கு ஒரே அடியில் சாய்ந்தது. அந்தத் தொலைவிலிருந்து வரும் குண்டு வானத்தில் ஏறி, செங்குத்தாகச் சரிந்து மேல்தளத்தில் விழும். அப்படியென்றால் மேல்தளத்துத் தகடு மெலிசாக இருக்க வேண்டும். உண்மையிலேயே அப்படித்தானா என்று தேட ஆரம்பித்தேன்.

தேடத் தேட ஒரு விஷயம் பிடிபட்டது. கப்பலைக் கட்டியபோது மேல்தளம் மெலிசாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு போர்களுக்கும் நடுவே பழுதுபார்த்தபோது அதன்மேல் கூடுதல் தகடு போட்டிருக்கிறார்கள், கம்பிக்கூண்டு மாதிரி இருந்த பழைய கோபுரங்களையும் மாற்றியிருக்கிறார்கள். கேம் செய்தவர்கள் உருவத்தைப் புதிய கோபுரங்களோடு வரைந்துவிட்டு, தகட்டின் கனத்தை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டிருந்தார்கள்.

அன்றிரவு அவர் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"விளையாட்டுக்குப் போயி இம்புட்டு ஆராய்ச்சியா? உள்ளபடி தகடு வச்சா அந்தக் கப்பல எவனும் அடிக்க முடியாது. அப்புறம் எவன் ஆடுவான்?"

அப்படியானால் அந்த நிஜக் கப்பலின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. தகட்டைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதேன். அவர் பயந்துபோய் டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்றார். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் வரைபடங்களோடு கேம் கம்பெனிக்கு எழுதிப்போட்டேன்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று கேட்டார். டேப்லெட்டைக் காட்டினேன். கப்பல் முழுக்கக் கனத்த இரும்பு போட்டால் மிதக்காது, அதனால் இயந்திரமும் வெடிமருந்தும் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் பெட்டி மாதிரி மூடி, முன்னும் பின்னும் சும்மா விட்டுவிடுவார்கள் என்றேன்.

"அப்ப முன்னாடி பின்னாடி இருக்க ஆளுக?"

சண்டை வந்தால் பெரும்பாலானவர்கள் நடுவுக்குள் போய்விடுவார்கள், இரும்பு மூடிகளை இறுக்கிவிடுவார்கள் என்றேன்.

"மூடிட்டா?"

"சண்டை முடியிற வரைக்கும் வெளிய வர முடியாது அத்தை."

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சாயங்காலம் சாவியோடு வந்து மொட்டைமாடிக் கதவைத் திறந்தார். கட்டிலைத் தள்ளித் தள்ளி வாசலுக்கு நேராகக் கொண்டுவந்தார். நான் உதவப் போனபோது, அசையாதே என்று அதட்டினார். தலையணையில் சாய்ந்தபடி நான் வானத்தைப் பார்த்தேன். அவர் குறுக்கே ஒரு கொடி கட்டி, பக்கத்து வீட்டுப் பார்வை படாமல் தன்னுடைய பழைய சேலையைத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்குக் கதவு திறந்தது, ஒரு மணி நேரம் போல. பிறகு பூட்டிவிடுவார்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நான் சொன்னது சரிதான், அடுத்த அப்டேட்டில் அந்தக் கப்பலின் கவசத்தை முழுவதுமாகத் திருத்துகிறோம் என்று நன்றி சொல்லியிருந்தார்கள். கணவரிடம் பெருமையாகக் காட்டினேன். "மாப்ள தோத்தான், பொண்ணு ஜெயிச்சிட்டா" என்று தன்னையே கேலி செய்துகொண்டார்.

அப்டேட் வந்த அன்று ஆசையோடு ஆடினேன். தூரத்துக் குண்டுகள் மேல்தளத்தில் விழுந்து சும்மா வெடித்தன. சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். முழுவதுமாகத் திருத்துகிறோம் என்றவர்கள், கப்பலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நிஜக் கப்பலில் உள்ளபடியே மெலிசாக்கியிருந்தார்கள். ஒரு குட்டிக் கப்பல் வந்து என் மூக்கையே குறிவைத்துச் சுட்டுப் பொத்தல் போட்டது. தண்ணீர் ஏறி வேகம் பாதியாகிவிட்டது. மூழ்கவும் இல்லை, நகரவும் முடியவில்லை. எல்லோரும் சுற்றிநின்று அடித்தார்கள். நான் கேட்டு வாங்கியது அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமியார் வலி வந்துவிட்டதோ என்று அடித்துப் பிடித்து மாடியேறி வந்தார்.

பெண் பிறந்தாள், கொஞ்சம் முன்னதாகவே. எனக்கு அம்மா இல்லாததால் ஆஸ்பத்திரியிலிருந்து அதே அறைக்குத்தான் திரும்பினேன். காற்று படக் கூடாது என்று இப்போது ஜன்னலையும் சேர்த்து மூடிவிட்டார்கள். கட்டில் அதே இடத்தில் இருந்தது. டேப்லெட் கணவர் கைக்குத் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கப்பலை ஓட்டி, தோற்று, உன்னால்தான் என்று முணுமுணுப்பார்.

ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே எட்டிப் பார்த்தேன். எதிரிக்கு நேரே பக்கவாட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் திருப்பிச் சாய்வா நிறுத்துங்க. குண்டு வழுக்கிட்டுப் போகும்."

"எம்புட்டு?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.