ஜன்னல்காரியின் பல்

2018ஆம் வருஷக் கோடையில், பிரேசிலின் பார்ரா தா ஜுரேமா கடற்கரையில், மரினால்வாவின் முகம் முந்நூற்று நாற்பது உருப்படி விற்றது. அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கோயில் சதுக்கத்தில், முதலாளியம்மா தோனா ஜிசெல்டாவின் கடையில், அந்த முகங்களை விற்றவளும் அவளேதான்.

ஜன்னலில் வைக்கிற களிமண் பொம்மை அது. இடுப்புவரை உடம்பு, மோவாயைத் தாங்கிய கை, தெருவைப் பார்த்தபடி இளிக்கிற வாய். அந்தக் கரையில் ஜன்னல்காரி இல்லாத வீடு கிடையாது. பொம்மை செய்கிற தன் புருஷன் எதிவானை மரினால்வா விட்டு வந்த வருஷம், அவன் புதிதாக ஒரு ஜன்னல்காரியைச் செய்தான். உதட்டுக்கு மேல் அவளுக்கு இருக்கிற அதே மச்சம். மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு முன்பல் இல்லை. அவளுடைய அந்தப் பல்லை உடைத்தவன் அவன்தான் என்பது ஊருக்கே தெரியும். ஊர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைகாரன்தான் என்று மெச்சியது.

மீதியைச் செய்தவன் வால்தெசி. பயணிகளை மணலில் ஓடுகிற பகி வண்டியில் மணல்மேடுகளுக்குக் கூட்டிப்போகிறவன். பொம்மையின் பல் சந்தில் சுண்டுவிரலை விட்டால் வருஷத்துக்குள் கல்யாணம் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான். சாவோ பாவ்லோவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். விரலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நிமிர்ந்து, பொம்மையை எடுத்துக் கொடுத்தவளின் முகத்தைப் பார்த்தார்கள். அசலே இங்கே இருக்கும்போது பொம்மை எதற்கு என்று சிரித்துக்கொண்டே அவளிடம் விரலை நீட்டினார்கள். வாயைத் திற மகளே, ஒரு படம்தானே என்பாள் ஜிசெல்டா. சன்ஸ்கிரீன் தடவிய விரலின் கசப்பு மத்தியானச் சோறுவரை நாக்கில் நிற்கும்.

அந்த டிசம்பரில் நகராட்சி மருத்துவமனையில் மரினால்வாவின் முறை வந்தது. கழற்றி மாட்டுகிற பல் ஒன்று கிடைத்தது. அன்று சாயங்காலம் சதுக்கத்தில் வேகவைத்த சோளக்கதிர் வாங்கி, தள்ளுவண்டிக்குப் பக்கத்திலேயே நின்று முன்பல்லால் கடித்துத் தின்றாள். வேண்டுமென்றே மெதுவாக.

மறுநாள் காலை வால்தெசிதான் முதலில் பார்த்தான். "என்ன நால்வா, என் பொழப்புல பல்ல வச்சுட்டியே. இனிமே எதக் காட்டி வண்டிய நிறுத்துவேன்?" என்றான். பஸ்ஸில் வந்த ஒருத்தி பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். இது அவ இல்லடி என்று தோழியிடம் சொல்லிவிட்டு, பொம்மையை அலமாரியிலேயே வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் அப்படிச் செய்தார்கள்.

ஜிசெல்டா சத்தம் போடவில்லை. பின்னறைக்குக் கூப்பிட்டுக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"கழட்டி மாட்டற பல்லுதானே மகளே?"

"ஆமா தோனா."

"அப்ப மாட்டிக்கிட்டு வா, மாட்டிக்கிட்டுப் போ. கடையில நிக்கிறப்ப மட்டும் கழட்டி வச்சிரு. யாரு வேண்டாங்கறா?"

"முடியாது."

"அவன் உடைச்சப்ப கம்முனு இருந்தே. நான் கழட்டச் சொன்னா ரோஷமா?"

மரினால்வா காப்பியைக் கடைசி வாய்வரை குடித்தாள். "அவன் என்னைக் கேட்டுட்டு உடைக்கல தோனா. நீங்க கேக்கறீங்க. அதான் முடியாதுன்னு சொல்றேன்."

வேறு கடைக்குப் போகலாம் என்றால், சதுக்கத்தில் எல்லாக் கடையிலும் அதே பொம்மைதான். எல்லாருக்கும் அந்தப் பல் சந்துதான் வேண்டும். ஜிசெல்டா அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அங்கே டிசம்பர்தான் கோடை, சீசன் நேரம், ஆள் கிடைக்காது. பாதிச் சம்பளத்துக்குப் பின்னறையில் பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றுகிற வேலைக்கு அனுப்பினாள். முன்னால் இப்போது ஜிசெல்டாவின் மருமகள் நிற்கிறாள். காலையில் வந்ததும் கண் பென்சிலால் உதட்டுக்கு மேல் மச்சம் வைத்து, ஒரு பல்லைக் கறுப்பாக்கிக்கொள்கிறாள். பயணிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்னறைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. எதிவானுக்குக் குடியால் கை நடுங்குகிறது. பல் சந்தை ஒழுங்காக வெட்ட வரவில்லை. முழுப் பல்வரிசையோடு சுட்டு அனுப்பிவிடுகிறான். செவ்வாய்க்கிழமை அறுபது பொம்மைகள் வந்து இறங்கும். சின்ன உளியால் ஒவ்வொன்றின் இடப்பக்கப் பல்லையும் மரினால்வா தட்டி எடுக்க வேண்டும்.