சன்னல் உடைந்த பக்கம்

கிர்கிஸ்தானில் நாரின் ஊரிலிருந்து கணவாய்க்கு ஏறும் சாலையில் சைராகுலுக்குச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை. அவள் கையால் இழுத்துப் போடும் லக்மான் நூடுல்ஸுக்காகவே லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டுவார்கள். வாழ்க்கைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், கறி இன்னும் வேகவில்லை, கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லியிருப்பாள்.

தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு ஒரு மார்ச் மாதம் அவள் திரும்பி வந்த வேன், பனியில் வழுக்கி ஆற்றில் விழுந்தது. உயிரோடு கரையேறியது அவள் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் ஊரில் தொழுகை நடத்தும் மோல்டோ. "அல்லா ஒன்னய சும்மா வெளிய எடுக்கல தாயி. ஏதோ ஒரு காரியத்துக்கு வச்சிருக்கான்" என்றார். அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு திரும்பினால் வாசலில் ஆட்கள். பிள்ளை இல்லாதவர்கள் அவள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். சவலைக் குழந்தையை ஊதச் சொல்லி நீட்டினார்கள்.

அவளும் நம்பினாள். நம்பிவிட்டுத் தேட ஆரம்பித்தாள். கடையைப் பூட்டிவிட்டு ஓதக் கற்றுக்கொண்டாள். அநாதை இல்லத்தில் போய் ஒரு பிள்ளையைக் கேட்டாள். வயதைக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அவருக்கு அவள் கவனிப்புப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றும் கைவிட்டுப் போகும்போது, இதுவும் இல்லையா, பிறகு எதற்காக என்று உள்ளே அரித்தது. மேலே இருப்பவனை ஏமாற்றிக்கொண்டிருப்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் கணவன் ஜுமகாதிர் லாரி மெக்கானிக். "ஒன்னய எதுக்கோ வச்சிருக்கான், சரி. அது என்னன்னு தெரியிறவரைக்கும் எனக்கு ஒரு டீ போடலாம்ல?" என்பான்.

"போட்டுக் குடிக்கக் கையில்லையா ஒனக்கு?"

"கையிருக்கு. ஆனா என்னய யாரும் எதுக்கும் வைக்கலியே."

சிரித்துவிடுவாள். அந்த வருஷம் அவள் சிரித்ததெல்லாம் அவ்வளவுதான்.

வருஷம் திரும்பியதும், வேனில் இறந்த பையன் நுர்தோலோத்துக்கு அவன் வீட்டில் நினைவு விருந்து வைத்தார்கள். குதிரை அறுத்து, முற்றத்தில் கூடாரம் போட்டுப் பெரிய விருந்து. சைராகுலைத் வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் உட்காரவைத்தார்கள். ஓதி முடித்த மோல்டோ அவளைக் காட்டி, "இறைவன் காரணமில்லாம யாரையும் காப்பாத்துறதில்ல" என்றார்.

பையனின் தாய் கனிம்பூபு இறைச்சித் தட்டோடு நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அப்ப எம்பையனுக்கு ஒரு காரியமும் இல்லன்னுதான் விட்டுட்டானா?"

மோல்டோ தாடியைத் தடவிக்கொண்டார்.

சைராகுலுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஒரு வருஷமாகத் தான் தூக்கிச் சுமந்தது இன்னொருத்தி நெஞ்சில் எப்படி இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றாள்.

"சன்னல் எம் பக்கம் ஒடஞ்சுது கனிம். வேற ஒண்ணுமில்ல. அவன் பக்கம் ஒடஞ்சிருந்தா அவன் வந்திருப்பான்."

கனிம்பூபு தட்டைக் கீழே வைத்தாள். "அவன் பக்கமா? நீ அவனப் பாத்தியா?"

"எனக்கு முன்னாடி, மறுபக்கத்துச் சீட்டுல இருந்தான். சூரியகாந்தி விதை தின்னுட்டே வந்தான். எனக்கும் ஒரு கை குடுத்தான். டிரைவர் போட்ட பாட்டு பழசுன்னு கிண்டல் பண்ணான். அதுக்கப்புறம் தூங்கிட்டான்."

"தூங்கிட்டானா?"

"ஆமா. வேன் வழுக்கும்போது தூக்கம்தான். அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

கனிம்பூபு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் தன்னைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பான் என்றே ஒரு வருஷமாக நினைத்துக் கிடந்தவள். அந்த வேனுக்குள் என்ன நடந்தது என்று அதுவரை சைராகுலை ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் பிழைத்ததைப் பற்றித்தான் ஊருக்குப் பேச்சு.

மறுவாரம் அவள் கடையைத் திறந்தாள். இறந்த மற்றவர்களின் வீட்டாரும் ஒவ்வொருவராக வந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டார்கள். மாவை இழுத்துக்கொண்டே சொன்னாள். மோல்டோவும் ஒருநாள் வந்து, "பாத்தியா, இதுக்குத்தான் வச்சிருக்கான்" என்றார்.

"இல்லீங்க. அங்க இருந்தேன், பாத்தேன், சொல்றேன். சாப்பிடுறீங்களா?"

அவர் சாப்பிட்டார்.

டிரைவரின் மனைவி மட்டும் ரொம்ப நாள் வராமலிருந்து, ஒரு மழைநாளில் வந்தாள். "கடைசியா எம்பேரச் சொன்னாரா அக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. சைராகுல் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். "இல்லம்மா. பிரேக்கத்தான் திட்டினாரு."

அந்தப் பெண் அழுதாள். பிறகு, "அவரு அப்படித்தான்" என்றாள். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.