டோலினா அண்ணி சொன்ன வம்சாவளி

என் அண்ணன் சாண்டி கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்து வந்தபோது, "கொஞ்சம் சத்தமாப் பேசுவா, பொறுத்துக்கோ" என்று என் காதில் சொன்னான். கொஞ்சம் என்று அவன் சொன்னது பச்சைப் பொய். டோலினா அண்ணி வாயைத் திறந்தால் ஏரிக்கு அந்தக் கரையில் மேயும் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். குளிர்காலத்தில் பனி உறைந்த மலைச் சாலையில் உப்புத் தூவுகிற கவுன்சில் லாரியை ஓட்டுவது அவள் வேலை. வழியில் எவனாவது வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தால் அண்ணி ஹாரன் அடிக்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி ஓர் அதட்டல் போடுவாள், வழி பிறந்துவிடும்.

அந்தக் குரல் பரம்பரைச் சொத்து. ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் எங்கள் மக்டோரன் குலத்துக்குப் புதுத் தலைவர் வரும்போது, அவரை ஆற்றோரத்துப் பெரிய கல்லின் மேல் வெறுந்தலையோடு நிற்க வைப்போம். அவரிலிருந்து தொடங்கி, குலத்தை ஆரம்பித்த முதல் டோரன் வரை, பின்னோக்கி, மகன் தகப்பன் என்று வம்சாவளி முழுவதையும் எங்கள் மொழியில் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும் உரிமை அண்ணியின் பிறந்த வீட்டுக்கு மட்டுமே உண்டு. சொல்லி முடித்த பிறகுதான் மூன்று கழுகிறகு செருகிய தொப்பி தலைவரின் தலையில் ஏறும். தலைநகர் எடின்பரோவில் எத்தனை முத்திரை குத்திக் கொடுத்திருந்தாலும் அதுவரை எங்களுக்கு அவர் யாரோ ஒருவர். தொப்பி ஏறிய பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். நிலத்தின் பெயர்தான் அவர் பெயர். ஆணோ பெண்ணோ, ஆர்டல்லன் நிலத்துக்கு உரியவர் ஆர்டல்லன்.

இதிலும் அண்ணி வீட்டாரின் திமிரைச் சொல்லியாக வேண்டும். கல்லின் மேல் ஏற்றி, வம்சம் சொல்லி, ஒருவரைத் தலைவராக்குவதே அவர்கள்தான். ஆனால் அவர் இறங்கியதும், ஊரே ஆர்டல்லன் என்று குனியும்போது, இவர்கள் மட்டும் "வணக்கம், மிஸ்டர் மக்டோரன்" என்பார்கள். ஆர்டல்லன் என்ற சொல் அந்த வீட்டு வாயிலிருந்து எந்தத் தலைவருக்கும் கிடைத்ததில்லை. அதற்குக் காரணம் ரோட்ரிக்.

ரோட்ரிக் என்பவன் எங்கள் தலைவர்களில் ஒருவன். செம்மறி ஆட்டில் நல்ல லாபம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, மேல் பள்ளத்தாக்கில் இருந்த தன் சொந்தக் குலத்தாரைக் குடும்பத்தோடு துரத்தினான். திரும்பி வந்துவிடக் கூடாதென்று கூரை உத்திரங்களுக்குத் தீ வைத்தான். மரம் கிடைக்காத எங்கள் மலையில் உத்திரம் போனால் வீடு போனது போலத்தான். பாதிப் பேர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். மீதிப் பேர், எங்கள் முன்னோரும் அண்ணியின் முன்னோரும், கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே குடிசை போட்டார்கள்.

அவன் செத்து மகன் ஹெக்டர் கல்லின் மேல் ஏறியபோது, அண்ணியின் கொள்ளுப் பாட்டனுக்கும் பாட்டனான ஆங்கஸ் வம்சம் சொன்னான். ஹெக்டர், அலஸ்டரின் மகன் என்றான். அலஸ்டர் ஹெக்டரின் தாத்தா. நடுவில் இருந்த தகப்பனை அப்படியே விழுங்கிவிட்டான். கூட்டம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் வலது காலைத் தூக்கி ஒரே ஒரு மிதி மிதித்தார்கள். தலைவனால் என்ன செய்ய முடியும்? ஆங்கஸ் பாதியில் நிறுத்தினால் தொப்பி இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டமேற்பிலும் ரோட்ரிக் வரவேண்டிய இடத்தில் மௌனம், பிறகு அந்த மிதி. எங்களிடம் துப்பாக்கி இல்லை, நிலம் இல்லை. ஒரு பெரிய வம்சத்தின் நடுவில் ஓட்டை போடும் அதிகாரம் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அண்ணியின் அப்பா டோனல்டுக்கு ஆண் பிள்ளை இல்லை. தன் பெயரையே இழுத்து மகளுக்கு டோலினா என்று வைத்தார், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். வம்சாவளியையும் அவளுக்கே கொடுத்தார். சாகும்போது கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அந்தக் கல்லின் முன்னால் ரோட்ரிக் பெயரை அவள் வாய் சொல்லக் கூடாது.

பிறகு பல வருடம் கழித்துத் தலைவர் இயன் காலமானார். மகன் இல்லை, மகள் ஃபெனெல்லா வந்தாள். தொழில் என்ன தெரியுமா? ஆட்டு டாக்டர். ரோட்ரிக்கின் வாரிசுக்கு வேறு தொழிலே கிடைக்கவில்லையா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பட்டமேற்புக்குச் சில வாரம் முன்னால் அவள் அண்ணியின் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டாள். நான் வழக்கம்போல ஓசிச் சூப்புக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன். காலில் சேறு ஒட்டிய ரப்பர் பூட்ஸ், கோட்டில் ஆட்டு வாடை. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"டோலினாக்கா, ஒரு விஷயம் கேக்கணும். ரோட்ரிக் பேரைச் சொல்லணும்."

அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆட்டுக்கு ஊசி போடறவங்கன்னு கேள்விப்பட்டேன். இப்ப எனக்கே போட வந்திருக்கீங்களா, டாக்டரம்மா?"

"கோவிச்சுக்காதீங்க."

"பின்ன கொஞ்சவா? உங்க குடும்பத்துக்கு வெள்ளையடிக்க என் வாய்தான் கெடச்சுதா?"

"இப்பதான்கா வெள்ளையா இருக்கு." ஃபெனெல்லாவின் குரல் உயரவே இல்லை. "நீங்க அவனை விட்டுட்டீங்க. நாங்களும் வசதியா விட்டுட்டோம். எங்க வீட்ல அவன் படம் கெடையாது, பேச்சு கெடையாது. எங்கப்பா விஸ்கியை ஊத்திக்கிட்டு என்ன சொல்வாரு தெரியுமா? 'நல்லவேளை, அவங்களே அவனை மறைச்சிட்டாங்க'ன்னு சிரிப்பாரு."

அண்ணியின் முகம் மாறியது. "அப்ப நாங்க மிதிக்கற மிதி?"

ஃபெனெல்லா கோட்டுப் பையிலிருந்து விழா அழைப்பிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். குலச் சங்கச் செயலாளர் ஆர்ச்சிபால்ட் அச்சடித்தது. கனடாவிலிருந்து வரும் விருந்தினர்களுக்காக ஒரு வரி சேர்த்திருந்தார். அண்ணி அதை உரக்கப் படித்தாள்: "'வம்சாவளியின் நடுவே பழங்கால நடனத்தின் ஓர் அடி இடம்பெறும். விருந்தினரும் மகிழ்ச்சியுடன் காலால் தாளம் போடலாம்.'"

சூப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழவில்லை.

"தாளமா?" என்றாள் அண்ணி. என் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எங்க வீடு எரிஞ்சதுக்குத் தாளமாடா, நீல்?"

எங்கள் ஆட்களைக் கனடாக் கப்பலில் ஏற்றியனுப்பியவனுக்கு, அவர்களுடைய பேத்திகளின் பேத்திகள் வந்து கைதட்டி ஆடப் போகிறார்கள். நாங்கள் தண்டனை என்று நினைத்துக் காத்துவந்தது அந்த வீட்டுக்குச் செய்த உபகாரமாக முடிந்திருந்தது.

அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். "நான் சொல்றேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. எங்க வழக்கத்துல வெறும் பேரு கெடையாது. ஒவ்வொரு பேரோடயும் அந்த ஆளு செஞ்ச காரியமும் வரும். அத்தனை பேர் முன்னாடி, கல்லு மேல நின்னுக்கிட்டுக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"கேக்கறது சுலபமில்லம்மா."

"தெரியும்க்கா. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் போன பிறகு அண்ணி வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் ஊர் அமைதியாக இருந்தது, ஊரே பயந்துபோனது. "கத்த மாட்டேங்கறாடா, டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று சாண்டி என்னிடம் வந்து நின்றான். சத்தியத்தை மீறினால் அப்பாவுக்குத் துரோகம். மீறாவிட்டால் எரிந்த வீடுகளின் மேல் நடனம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நெஞ்சு அறுபடும். ஆர்ச்சிபால்ட் வேறு வந்து, "மேடம், வழக்கம்போலவே போயிடலாம், வெளிநாட்டுக்காரங்க சந்தோஷமா வர்றாங்க" என்றார். அண்ணி அவருக்கு டீ கொடுத்து அனுப்பினாள். திட்டாமல் டீ மட்டும் கொடுத்ததில் அந்த மனிதர் நடுங்கியபடி போனார்.

விழாவன்று காலை லாரிக் கொட்டகையில் அவளைப் பிடித்தேன். "என்ன அண்ணி முடிவு?"

"தெரியலடா," என்றாள். "கல்லுக்கு முன்னாடி போனாத்தான் தெரியும்."

ஜூலை மாதம். மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். ஃபெனெல்லா கல்லின் மேல் நின்றாள், நனைந்த முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. சுற்றிலும் எங்கள் ஆட்கள், கட்டம் போட்ட சால்வையும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுமாகக் கனடாக்காரர்கள். சால்வையெல்லாம் புத்தம் புதிது, ஒன்றிரண்டில் விலைச் சீட்டுகூட ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணி தொடங்கினாள். ஃபெனெல்லா, இயனின் மகள். இயன், வெள்ளத்தில் போன பாலத்தைத் தன் கையால் கல் சுமந்து கட்டியவன். இயன், நார்மனின் மகன். நார்மன், போரில் ஒரு கையை விட்டு வந்து மறு கையால் உழுதவன். நார்மன், யூவனின் மகன். யூவன், சீட்டாட்டத்தில் மலையைத் தோற்று அடுத்த ஆட்டத்தில் பாதி மலையை மீட்டவன். கூட்டம் சிரித்தது. யூவன், ஹெக்டரின் மகன். ஹெக்டர், உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் மாவுக் கிடங்கைத் திறந்துவிட்டவன்.

நிறுத்தினாள். எங்களுக்குத் தெரிந்த நிறுத்தம். எல்லாக் கால்களும் மேலே எழுந்தன. கனடாக்காரர்கள் அழைப்பிதழைப் பார்த்து உற்சாகமாகத் தூக்கினார்கள்.

"ஹெக்டர், ரோட்ரிக்கின் மகன்."

தூக்கிய கால்கள் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் இறங்கின. ஆர்ச்சிபால்ட் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரோட்ரிக், தன் ரத்தத்தைத் தானே துரத்தியவன். ஆட்டுக்கு இடம் வேண்டுமென்று மனிதர் வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தவன்."

அப்போதுதான் ஃபெனெல்லா கல்லைவிட்டுக் கீழே இறங்கினாள். வம்சம் சொல்லி முடிக்கும்முன் இறங்கினால் பட்டம் செல்லாது என்பார்கள். அவள் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எங்களோடு சேற்றில் நின்றாள், தலை குனிந்து.

அண்ணி அவளைப் பார்த்தாள். அண்ணியின் குரல் ஒரு கணம் தடுமாறியதை அன்று முதல்முறை கேட்டேன். பிறகு அது ஏறியது. தலைவர்களின் வம்சத்தில் இல்லாத வரிசை ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். அண்ணியின் பிறந்த வீட்டில் புத்தாண்டு விருந்தில், கதவைச் சாத்திக்கொண்டு அப்பா பிள்ளைக்குச் சொன்ன வரிசை. ஊருக்கு ஒரு வம்சாவளி சொன்னவர்கள் வீட்டுக்குள் இன்னொன்றைக் காத்துவந்தது அன்றுவரை எனக்கே தெரியாது.

"அவன் எரித்த வீடுகள். ஆற்றுத் துறையில் சிவப்பு யூவன் வீடு. யூவன், பாட்ரிக்கின் மகன், சால்மன் மீனைக் கையால் பிடிப்பவன்."

கூட்டத்தின் பின்னால் ஒரு பெரிய ஆள், கனடாக் கொடியின் இலை போட்ட தொப்பியோடு, பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கினார். "அது எங்க வீடு," என்றார். எங்கள் மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "சிவப்பு யூவன் எங்க வீடு."

"நெசவுக்கார ஃபின்லே வீடு. ஃபின்லே, கல்யாணத்துக்குக் கம்பளி கொடுத்துக் கூலி வாங்காதவன்."

"இங்க இருக்கோம்," என்றார்கள் இரண்டு சகோதரிகள்.

"விதவை மார்சலி வீடு. மார்சலி, கூரை எரியும்போது உள்ளே போய் அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வந்தவள்."

மார்சலி எங்கள் பாட்டிமார் வரிசையில் வருபவள். பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் செய்தது அந்த நிமிடம் வரை தெரியாது. சாண்டி என் கையைப் பிடித்தான். நான் அழுதேன், மழையில் தெரியாது என்று நினைத்தேன், எல்லாருக்கும் தெரிந்தது. "இங்க இருக்கோம்" என்று கத்தினேன். அண்ணியைவிடச் சத்தமாக நான் கத்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கடைசியாகத் தன் வீட்டைச் சொன்னாள். "பாட்டுக்கார ஆங்கஸ் வீடு. ஆங்கஸ், கருகிய உத்திரத்தைத் தோளில் போட்டுக் கடற்கரை வரை சுமந்தவன். அவன் வழியில் டோனல்ட். டோனல்டின் மகள் நான்." தானே பதிலும் சொன்னாள். "இங்க இருக்கேன்."

பிறகு அப்பாவின் சத்தியத்தைப்பற்றி அவளிடம் கேட்டிருக்கிறேன். "அவன் பேரு கதவு மாதிரிடா. கதவைத் திறக்காம உள்ள இருக்கறவங்களை எப்படிக் கூப்பிடறது? அப்பா கோவிச்சுக்கட்டும், போய்ப் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்று ஃபெனெல்லா சேற்றிலேயே நின்றாள். ஏறலாமா, போய்விடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. அண்ணி அவள் பக்கம் திரும்பி, தன் பிறந்த வீட்டில் எவரும் எந்தத் தலைவருக்கும் சொல்லாத சொல்லை, லாரியில் உட்கார்ந்து அதட்டும் அதே குரலில் சொன்னாள்.

"ஏறு மேல, ஆர்டல்லன். இன்னும் முதல் டோரன் வரைக்கும் போகணும்."